வரதட்சணையாக ஒரு பிலிம் டப்பா

ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கும் ஆளைச் சுப காரியங்களுக்குக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது. கூட்டிப் போனாலும் பேச விடக் கூடாது. பந்தியில் பாயசம் ஊற்றும்போதுகூட அவனுக்கு அவனுடைய ஆராய்ச்சிதான் ஞாபகம் வரும், அதை வாய்க்குள் வைத்துக்கொள்ளவும் தெரியாது. இதை நான் ஊரார் மேல் குற்றமாகச் சொல்லவில்லை. எழுபதுகளின் கடைசியில் மதுரையில் அப்படிச் சுற்றிக்கொண்டிருந்தவன் நானேதான்.

என்னுடைய ஆராய்ச்சி குரங்கின் மலம் பற்றியது. (ஆட்டுக்குப் புழுக்கை, மாட்டுக்குச் சாணி, யானைக்கு லத்தி என்று தனித்தனியாகப் பெயர் வைத்த தமிழ், குரங்கை மட்டும் நம்மோடு சேர்த்துவிட்டது. அதிலேயே ஒரு எச்சரிக்கை இருந்திருக்கிறது, எனக்குத்தான் புரியவில்லை.) மலைக் குரங்குகளின் குடலில் என்னென்ன புழுக்களும் கிருமிகளும் குடியிருக்கின்றன, அவை மனிதனுக்கும் தொற்றுமா என்பதுதான் என் பேராசிரியர் கொடுத்த தலைப்பு. உசிலம்பட்டிப் பக்கம் மானாவாரி நிலத்தில் பாடுபட்டு என்னைப் படிக்க வைத்த அப்பா, ஊரில் யாராவது "மகன் என்ன படிக்கிறான்?" என்று கேட்டால், "ஆஸ்பத்திரி சம்பந்தமா ஏதோ" என்று சொல்லிவிட்டு மாட்டைப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்துவிடுவார்.

வில்லாபுரத்தில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். விடிவதற்கு முன் சைக்கிளை எடுத்தால், வெளிச்சம் வரும்போது திருப்பரங்குன்றம் மலையடிவாரத்தில் இருப்பேன். குரங்குகள் பாறையை விட்டு இறங்கும் நேரம் அது. நடுவகிடு எடுத்துச் சீவிய தலையோடு வரிசையாக வரும். எழுந்ததும் முதல் வேலையாக நாம் செய்வதைத்தான் அவையும் செய்யும். காய்வதற்கு முன், ஈ மொய்ப்பதற்கு முன், அதை ஒரு குச்சியால் எடுத்து டப்பாவில் போட்டு எந்தக் குரங்கு என்று எழுதி ஒட்ட வேண்டும். டப்பாவுக்கு நான் கண்டுபிடித்த வழி, போட்டோ ஸ்டூடியோக்களில் தூக்கி எறியும் பிலிம் ரோல் டப்பா. அலுமினியத்தில், திருகு மூடி போட்டு, கையடக்கமாக இருக்கும். என் சட்டைப் பையில் பேனா இல்லாத நாள் உண்டு, பிலிம் டப்பா இல்லாத நாள் கிடையாது.

அருவருப்பாக இல்லையா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அதைக் கெட்டியான உப்புக் கரைசலில் கலக்கிக் கொஞ்ச நேரம் வைத்தால், புழுக்களின் முட்டைகள் தாமாக மேலே மிதந்து வரும். அதில் ஒரு சொட்டை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் வேறொரு உலகம். சாட்டைப்புழுவின் முட்டை, இரண்டு முனையிலும் மூடி போட்ட குட்டிப் பீப்பாய். கொக்கிப்புழுவின் முட்டையில் கண்ணாடி மாதிரி ஓட்டுக்குள் நாலைந்து உருண்டைகள். உருளைப்புழுவின் முட்டை பழுப்பு நிறத்தில், ஓரமெல்லாம் மேடும் பள்ளமுமாக இருக்கும். இன்னொரு பக்கம் கண்ணாடித் தட்டுகளில் கிருமிகளை வளர்ப்போம். மறுநாள் காலையில் தட்டைத் திறந்து எந்த நிறத்தில் புள்ளி விழுந்திருக்கிறது என்று பார்க்கும்போது, பரீட்சை ரிசல்ட் பார்ப்பதுபோல நெஞ்சு அடித்துக்கொள்ளும். வயிற்றுக்கடுப்பைக் கொடுக்கக்கூடிய கிருமி, ஒரு தும்மல்கூட இல்லாத ஒரு குண்டுக் குரங்குக்குள் சௌக்கியமாக இருப்பதைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. சந்தோஷத்தில்தான்.

அந்தச் சந்தோஷத்தைச் சொல்ல ஆள்தான் இல்லை. அறைத் தோழர்கள் என்னைக் கண்டால் தட்டோடு மாடிக்குப் போய்விடுவார்கள். கேட்பதற்கென்று உலகத்தில் ஒரே ஒரு ஜீவன் கிடைத்தது. பெயர் பாண்டியம்மாள்.

மலையடிவாரத்தில் சோலைமலை என்பவர் வாழைப்பழமும் பொரிகடலையும் விற்றுக்கொண்டிருந்தார். மலைக்கு வருகிறவர்கள் குரங்குக்குப் போடுவதற்கென்றே வாங்குவார்கள். குரங்கு இல்லாவிட்டால் அவருக்கு வியாபாரம் இல்லை. அவருடைய மூத்த மகள்தான் பாண்டியம்மாள். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டுக் காலையில் கடையைப் பார்த்துக்கொள்வாள். ஒருநாள் நான் குனிந்து நிமிர்ந்தபோது, கடைக்குள் இருந்தபடியே கேட்டாள்.

"என்னங்க அது, தெனம் வந்து பொறுக்குறீங்க?"

"ஆராய்ச்சிக்கு."

"அதுல என்னத்தங்க ஆராய்றது?"

சொன்னேன். முட்டை, பீப்பாய், மூடி எல்லாம் சொன்னேன். அவள் மூக்கைப் பொத்தவில்லை. கடலை மடிக்கும் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப தாய்க்கு இருந்தா குட்டிக்கும் இருக்குமா? ஒரு கொரங்குக்கு எம்புட்டுப் புழு இருக்கும்? அந்தப் புழு வயித்துக்குள்ள இன்னொரு புழு இருக்குமா?"

கடைசிக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. பேராசிரியரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று சைக்கிளில் ஏறினேன். அவனியாபுரம் வருவதற்குள் நான் தீர்மானம் செய்துவிட்டேன், கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று.

விசாரிக்கும் வேலையை என் தாய்மாமன் ஒச்சப்பன் எடுத்துக்கொண்டார். சோலைமலை குடும்பமும் பூர்வீகத்தில் உசிலம்பட்டிப் பக்கம்தான், நமக்குக் கட்டிக்கொள்ளும் முறைதான் என்று கண்டுபிடித்துக்கொண்டு வந்தார். கூடவே ஒரு திட்டும் விழுந்தது. "மாப்ள, அந்த ஆள நீ எப்புடிக் கூப்புடுவ?" என்றார். "அண்ணேன்னு" என்றேன். "நாசமாப் போச்சு. அண்ணேன்னா அவரு மக ஒனக்கும் மகதானடா. நாளையில இருந்து மாமான்னு கூப்புடு." மறுநாள் காலையில் "என்ன மாமா, வியாபாரமெல்லாம் எப்படி?" என்றேன். சோலைமலை என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு வாழைத்தாரைக் கொஞ்சம் உள்ளே நகர்த்தி வைத்தார்.

இதற்கிடையில் ஆராய்ச்சியில் ஒரு சிக்கல். குரங்கை மட்டும் பார்த்தால் போதாது, குரங்கோடு பழகும் மனிதர்களையும் பார்க்க வேண்டும், அடிவாரத்தில் பத்துக் குடும்பம் வேண்டும் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். ஒவ்வொரு வீடாகப் போய் டப்பாவை நீட்டினேன். எதையாவது வைத்துச் செய்வினை செய்துவிடுவேன் என்று ஒரு வீட்டில் துடைப்பத்தை எடுத்தார்கள். கெஞ்சிக் கூத்தாடி ஒன்பது குடும்பம் சேர்த்துவிட்டேன். பத்தாவது குடும்பம் கிடைக்கவே இல்லை. சாப்பிடும்போதும் தூங்கும்போதும் அந்தப் பத்தாவது குடும்பம் மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தது.

அந்த நிலைமையில்தான் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பெண் கேட்கப் போனோம். அப்பா, அம்மா, ஒச்சப்பன் மாமா, நான். தட்டில் தேங்காய், பூ, வெற்றிலை பாக்கு, வாழைப்பழம். (பழக்கடைக்காரர் வீட்டுக்குக் கொண்டுபோக மாமா பழம் வாங்கியது, அவருக்குத் தொழில் எதிரியான பக்கத்துக் கடையில். சோலைமலை பழத்தைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டார். இருந்தாலும் பெருந்தன்மையாகச் சிரித்தார்.) கேசரி வந்தது, காராச்சேவு வந்தது, காப்பியோடு பாண்டியம்மாளும் வந்தாள். எனக்கு டம்ளரைக் கொடுக்கும்போது, "கேட்டீங்களா?" என்றாள் மெதுவாக. புழுவுக்குள் புழு விஷயம். "இருக்கலாம்னு சொன்னாரு" என்றேன் அதைவிட மெதுவாக. எங்களைப் பார்த்து அம்மா பூரித்துப் போனார், பிள்ளைகள் ஏதோ பேசிக்கொள்கிறார்கள் என்று.

எல்லாம் நல்லபடியாக முடிகிற நேரம். சோலைமலை துண்டை மடியில் போட்டுக்கொண்டு, பெண் வீட்டார் வழக்கமாகக் கேட்கும் கேள்வியைக் கேட்டார்.

"எங்களால ஆனத நாங்க செய்றோம். மாப்ளைக்கு வேற ஏதும் வேணும்னாலும் கூச்சப்படாமக் கேளுங்க. பின்னால ஒரு வருத்தம் இருக்கக் கூடாது பாருங்க."

ஒச்சப்பன் மாமா தொண்டையைச் செருமினார். ஸ்கூட்டர் கேட்கப் போகிறார் என்று எனக்குத் தெரியும். எனக்கு வரதட்சணை பிடிக்காது. அந்தக் காலத்தில் மேடைப் பேச்சுகள் நிறையக் கேட்டுச் சூடாகியிருந்த ரத்தம். மாமா வாயைத் திறப்பதற்குள் நான் திறந்தேன்.

"எனக்கு நகையும் வேணாம், வண்டியும் வேணாம் மாமா."

சோலைமலையின் முகம் மலர்ந்தது. அவருடைய மனைவி கதவோரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அங்கே நிறுத்தியிருந்தால் நான் இன்றைக்கும் அந்தத் தெருவில் தெய்வம். நிறுத்தவில்லை.

"ஒரே ஒரு உதவி போதும்" என்று சட்டைப் பையிலிருந்து பிலிம் டப்பாவை எடுத்துத் தாம்பூலத் தட்டின் ஓரத்தில் வைத்தேன். "இந்த மாதிரி ஆளுக்கு ஒரு டப்பா தாரேன். நாளைக்குக் காலைல வீட்டுல எல்லாரும் கொஞ்சம் கொடுத்தாப் போதும்."

"கொஞ்சம்னா, என்னது தம்பி?" என்றார் சோலைமலை. இன்னும் சிரித்த முகம்தான்.

சொன்னேன். சொல்லுக்கு ரொம்ப அலைந்துவிட்டுக் கடைசியில் "வெளிக்குப் போறது" என்றேன். யாரும் எதுவும் பேசாததால், விளக்கம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டேன். "நெறைய வேணாம் மாமா, சுண்டைக்கா அளவு இருந்தாப் போதும்" என்றேன். சரி, காரணம் சொன்னால் புரியும் என்று, "நீங்க எல்லாரும் கொரங்குகூடவே பொழங்குறீங்கல்ல, புழு இருக்க வாய்ப்பு ஜாஸ்தி" என்றேன்.

ஓட்டின் மேல் ஒரு குரங்கு ஓடும் சத்தம் கேட்டது. ஒச்சப்பன் மாமா கையிலிருந்த கேசரியை வாயில் போடுவதா தட்டில் வைப்பதா என்று தெரியாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். அம்மா தலையைக் குனிந்துகொண்டார். அப்போது அடுப்படியிலிருந்து பாண்டியம்மாளின் குரல் வந்தது.

"ஆளுக்கு ஒண்ணுன்னா, டப்பாவுல பேரு எழுதிருக்குமா?"

"வாய மூடுடி" என்று அவளுடைய அம்மா அடக்கினார். சோலைமலை எழுந்து நின்றார். அப்பாவைப் பார்த்துக் கும்பிட்டு, "யோசிச்சுச் சொல்லி அனுப்புறோங்க" என்றார். என் பக்கம் திரும்பவே இல்லை.

பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது ஒச்சப்பன் மாமாதான் முதலில் பேசினார். "ஸ்கூட்டர் கேட்டுட்டு அவங்க இல்லேன்னு சொல்லிருந்தாக்கூட ஒரு கௌரவம் இருந்திருக்கும்டா." அப்பா பஸ் படியில் கால் வைத்த பிறகு திரும்பிப் பார்த்துச் சொன்னார். "மாடு வாங்கப் போனா சாணியப் பாக்குறவன் இருக்கான், நானே பாத்திருக்கேன். மாட்டுக்காரன்கிட்டயே அவனோடதக் கேட்டவன் நீ ஒருத்தந்தான்." பஸ் உசிலம்பட்டிக்குக் கிளம்பியது.

அதற்கப்புறம் வந்த நாட்களைப் பற்றிச் சிரிப்பாகச் சொல்ல எனக்கு இன்றைக்கும் வரவில்லை. கடை வழியாகப் போகத் தைரியம் இல்லாமல் மலையின் மறுபக்கம் சுற்றிப் போனேன். அந்தப் பக்கத்துக் குரங்குகளின் டப்பாக்களைத் திறந்து பார்த்து, புதிதாக ஏதாவது தெரிந்தால், இதை அவளிடம் சொன்னால் என்ன கேட்பாள் என்று தோன்றும். உடனே மைக்ராஸ்கோப்பை மூடிவிடுவேன். ஒரு குடும்பத்தின் மனசைப் புண்படுத்திவிட்டது எனக்குத் தெரிந்தது. அதைச் சரி செய்ய வழி மட்டும் தெரியவில்லை.

ஒருநாள் காலையில் பாறைச் சந்தில் குனிந்திருந்தபோது எதிரே இரண்டு கால் வந்து நின்றது. நிமிர்ந்தால் சோலைமலை.

"தம்பி, டப்பாவக் குடுங்க" என்றார்.

சட்டைப் பையைத் தடவினேன்.

"தெரு பூராம் தெரிஞ்சு போச்சு. சோலைமலை வீட்டுல புழு இருக்குன்னு மாப்ள வீட்டுக்காரன் திரும்பிப் போயிட்டான்னு பேசுறாங்ஙே. நாளைக்கு வேற எடத்துல இருந்து ஆள் வந்தாலும் கேப்பான். பாத்துச் சுத்தம்னு சொல்லிருங்க, அது போதும். ஆனா எங்க கண்ணு முன்னாடி பாக்கணும். இன்னொண்ணு, உங்களோடதும் ஒரு டப்பா இருக்கணும். சாதகம்னா ரெண்டு பக்கமும்தான பாக்குறோம்?"

மறுக்க முடியுமா? "தாராளமா" என்றேன். எனக்கென்ன பயம்? சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லி ஊருக்கே பிரசங்கம் செய்கிறவன் நான். இரண்டு வாரம் கழித்து ஒரு நாள் குறித்துக் கொடுத்தார். ஏன் அவ்வளவு தள்ளி என்று நான் யோசிக்கவில்லை.

குறித்த நாளில் குடும்பமே கல்லூரி ஆய்வகத்துக்கு வந்து இறங்கியது. சோலைமலை வெள்ளை வேட்டி சட்டையில் இருந்தார். மனைவி பட்டுச் சேலை. பாண்டியம்மாளும் தம்பி தங்கையும் தலை நிறையப் பூ, எண்ணெய் வழிய வாரிய தலை என்று கோயிலுக்கு வந்ததுபோல நின்றார்கள். மஞ்சப்பையில் டப்பாக்கள். என்னுடைய டப்பாவையும் அவர்கள் முன்னாலேயே வரிசையில் வைத்தேன். பேராசிரியர் நடந்ததைக் கேட்டுச் சிரிப்பை அடக்க மேசைக்கு அடியில் எதையோ தேடினார். பிறகு அவரே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

சோலைமலை சுத்தம். அவர் மனைவி சுத்தம். பாண்டியம்மாள், தம்பி, தங்கை எல்லாரும் சுத்தம். ஒரு முட்டைகூட இல்லை. ஒவ்வொரு பெயருக்கும் சோலைமலை மீசையை ஒருமுறை தடவிக்கொண்டார்.

கடைசியில் என்னுடையது. பேராசிரியர் பார்த்தார். கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "அடடே" என்றார். "உருளைப்புழு. நல்லா செழிப்பா இருக்கு. கொக்கிப்புழுவும் இருக்குப்பா."

சோலைமலை மீசையிலிருந்து கையை எடுக்கவே இல்லை. "இம்புட்டு வருசமாக் கொரங்குகூடப் பொழங்குறது நாங்க" என்றார் பொதுவாக, சுவரைப் பார்த்து. நான் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் நின்றேன். அந்த நேரத்தில் பூமி பிளந்திருந்தால் சந்தோஷமாக உள்ளே போயிருப்பேன், புழுக்களோடு.

பாண்டியம்மாள் மட்டும் மைக்ராஸ்கோப்புக்குப் பக்கத்தில் வந்துவிட்டாள். "நான் ஒருக்காப் பாக்கலாமா?" என்றாள். பேராசிரியர் நாற்காலியை விட்டு எழுந்து இடம் கொடுத்தார். அவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். நான் பேச்சில் சொன்ன மேடும் பள்ளமும் இதுதானா என்று கேட்டாள். "அழகா இருக்கு" என்றாள். (என்னுடைய எதையும் அதற்கு முன் யாரும் அழகு என்று சொன்னதில்லை.) பிறகு தலையை நிமிர்த்திப் பேராசிரியரைக் கேட்டாள்.

"இது கொரங்குகிட்டயும் இருக்குன்னு சொன்னாரே. கொரங்குகிட்ட இருந்து இவருக்கு வந்துச்சா, இவருகிட்ட இருந்து கொரங்குக்குப் போச்சா?"

பேராசிரியர் மேசையைத் தட்டினார். "இதத்தான்மா நான் ஒரு வருசமா இவன்கிட்ட யோசிக்கச் சொல்லிட்டு இருக்கேன்" என்றார். என் பக்கம் திரும்பி, "ஏம்ப்பா, விடியக்காலம் மலைக்குப் போறியே, உன் வேலையெல்லாம் முடிச்சிட்டுத்தான போவ?" என்றார்.

வில்லாபுரத்தில் நான் தங்கியிருந்த வீட்டில் எட்டு அறைக்கு ஒரே கக்கூஸ், அதற்கு விடிவதற்கு முன்பே வரிசை நிற்கும். மலையடிவாரத்திலோ மறைவான பாறைகள் நிறைய. நான் எடுக்கும் இடத்திலேயேதான் கொடுத்தும் வந்திருக்கிறேன் என்பது அந்த நிமிஷம் வரை எனக்கு உறைக்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்தே எல்லாருக்கும் புரிந்துவிட்டது. பாண்டியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், மூக்கை அல்ல.

பேராசிரியருக்கு இன்னொரு சந்தேகம். "அதெப்படிங்க, ஒரு வீட்டுல அஞ்சு பேருக்கும் ஒண்ணுகூட இல்லாமப் போகும்? மருந்து ஏதும் சாப்பிட்டீங்களா?"

சோலைமலைக்கு அந்தக் கேள்வியே அவமானமாக இருந்தது. "பின்ன? கடையில பூச்சி மாத்திரை வாங்கி எல்லாரும் போட்டு, பேதிக்கும் குடிச்சு, வேப்பங்கொழுந்தும் தின்னுட்டுத்தான் வாரோம். நம்மளப் பாக்க வாராகன்னா வீட்டுக்கு வெள்ளையடிக்க மாட்டோமா?"

என் பத்தாவது குடும்பம் அத்தோடு போயிற்று. பேராசிரியர் இந்த முறை சிரிப்பை அடக்க மேசைக்கு அடியில் போகவில்லை. வாய்விட்டே சிரித்தார். சோலைமலைக்கு ஏன் என்று புரியாவிட்டாலும் மரியாதைக்குச் சேர்ந்து சிரித்தார். நான் அழாத குறை. படி இறங்கும்போது அவர் என் தோளில் கை வைத்தார்.

"மொதல்ல நீங்க மாத்திரை போடுங்க மாப்ள" என்றார்.

மாப்ள என்ற அந்த வார்த்தை காதில் விழுந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. பின்னால் ஒச்சப்பன் மாமாவிடம் அவர் காரணம் சொன்னாராம். "கிறுக்குப் பயதான். ஆனா வயித்துல இருக்கதக்கூட நம்ம முன்னால தொறந்து வச்சான் பாருங்க. இவனுக்கு ஒளிக்கத் தெரியாது, எம் புள்ள நிம்மதியா இருப்பா." நிச்சயத் தாம்பூலத்தின்போது வந்த சீர்த் தட்டுகளில், பழத்துக்கும் புடவைக்கும் நடுவில் ஒரு தட்டில் பூச்சி மாத்திரை இருந்தது. சபையில் வைத்து, தண்ணீரோடு, எனக்குக் கொடுக்கப்பட்டது.

ஆராய்ச்சியையும் முடித்துவிட்டேன், ஒன்பது குடும்பத்தோடு. மனிதர்களிடமிருந்தும் குரங்குகளுக்குப் புழு தொற்றியிருக்கலாம் என்று கடைசி அத்தியாயத்தில் ஒரு வரி எழுதினேன். எந்த மனிதர் என்று எழுதவில்லை.

அந்தப் பிலிம் டப்பாக்களில் ஒன்று மட்டும், தாம்பூலத் தட்டில் வைத்த அதே வெறும் டப்பா, எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. பாண்டியம்மாள் அதைப் பளபளவென்று தேய்த்து வைத்திருக்கிறாள். பல வருஷம் கழித்து எங்கள் மகளைப் பெண் கேட்டு வந்தார்கள். நல்ல குடும்பம், பையனும் நல்ல பையன். எல்லாம் பேசி முடிகிற நேரத்தில் பையனின் பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "நாங்க பெருசா ஒண்ணும் எதிர்பாக்கல. பையனுக்கு ஒரு ஆசை இருக்கு, அதக் கேட்டுரலாமான்னு" என்று இழுத்தார். என் மாமனார் அப்போது தள்ளாத வயது, மூலையில் நாற்காலியில் இருந்தார். அவர் தோள் குலுங்க ஆரம்பித்ததை நான் பார்த்தேன். பாண்டியம்மாள் உள்ளே போனாள், டப்பாவை எடுத்து வந்து தாம்பூலத் தட்டின் ஓரத்தில் வைத்தாள்.

"நல்லாக் கேளுங்கண்ணே" என்றாள். "எங்க வீட்டுல மாப்ளை கேட்டா, இதுல போட்டுத்தான் குடுத்துப் பழக்கம்."